மூன்று லட்சம் பிள்ளைகளுக்கு ஒரே வினாத்தாள்: வெள்ளவத்தைத் தாய் ஒருவரின் கேள்விக்குப் பதில்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் இப்போது தரம் 4; அடுத்த ஆண்டு, தரம் 5இல், பிரபல பாடசாலைகளுக்கு மாறுவதற்கு வழியாக இருக்கும் புலமைப்பரிசில் பரீட்சை. நாடு முழுவதற்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்துப் பிள்ளைகளை அளப்பதால் என்ன நன்மை, என்ன தீமை? ரொறன்ரோவில் இருக்கும் தன் அண்ணா, “அங்கே இப்படி ஒன்றுமே இல்லை” என்கிறாரே, அது உண்மையா? கடைசி வரியில், வீணை வகுப்பை நிறுத்திவிட்டு வார இறுதி ரியூசனில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் கேள்வியே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அடுத்த ஆண்டு வரப்போகும் ஓர் எண்ணுக்காக மகளுடைய பத்து வயதில் எவ்வளவைக் கொடுக்கலாம் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள். அதற்கு விடை சொல்ல, அந்த எண் எதை அளக்கிறது, எவ்வளவு சரியாக அளக்கிறது, அளந்த பிறகு அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கொழும்பில் தமிழ் மொழிமூல வகுப்புகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்திருக்கிறேன். முதல் பாதி ஆரம்பப் பிரிவில், பிறகு கணிதம். விடைத்தாள் திருத்தும் பணியிலும் பல ஆண்டுகள் இருந்தேன். கல்வி அளவீட்டை முறையாகப் படித்திருக்கிறேன். பிள்ளைகளின் மனநலம் என் துறை அல்ல. அதைப் பற்றிச் சொல்வதை ஓர் ஆசிரியையின் கண்ணால் கண்டது என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நன்மை. பொதுப் பரீட்சையைத் திட்டுகிறவர்கள் பலர் பரீட்சை இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்லை. அதற்கு வெளிநாடு போக வேண்டாம், கொழும்பில் தரம் 1 அனுமதியைப் பார்த்தாலே போதும். அங்கே பிள்ளை எந்தக் கேள்விக்கும் விடை எழுதுவதில்லை. பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம், காணி உறுதி, வாக்காளர் இடாப்பில் எத்தனை ஆண்டுகளாகப் பெயர் இருக்கிறது, தகப்பனார் அதே பாடசாலையின் பழைய மாணவரா, அக்காவோ அண்ணாவோ ஏற்கெனவே அங்கே படிக்கிறார்களா என்று பெற்றோரிடம்தான் எல்லாக் கேள்வியும். கொட்டாஞ்சேனையில் வாடகை அறையில் இருக்கும், தோட்டத்திலிருந்து வந்து கடையொன்றில் வேலை செய்யும் ஒருவருக்கு அந்தக் கோப்பில் வைக்க என்ன இருக்கும்? அவருடைய மகன் தரம் 5இல் எழுதும் விடைத்தாளில் தகப்பனின் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. ஒரு சுட்டெண் மட்டும் இருக்கிறது. திருத்துகிறவருக்கு அவன் யாரென்று தெரியாது. ஆள் தெரியாமல் அளக்கும் இந்தக் குணம் சாதாரணமானது அல்ல. செல்வாக்கு இல்லாதவனுக்கு நம் நாட்டில் கிடைத்திருக்கும் மிகச் சில பாதுகாப்புகளில் இதுவும் ஒன்று. “பரீட்சையை ஒழித்துவிடு” என்று யாராவது சொல்லும்போது, அந்த இடத்தில் எதை வைப்பீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

இந்தப் பரீட்சை பிறந்ததும் அந்த நோக்கத்தில்தான். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த 1940களில், 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த அதே காலத்தில், கிராமத்து ஏழைப் பிள்ளைகளை மத்திய மகா வித்தியாலயங்களுக்குக் கொண்டுவரும் வழியாகப் புலமைப்பரிசில் அமைந்தது. அந்த வழியால் வந்து மருத்துவராகவும் பேராசிரியராகவும் ஆனவர்களை அந்தத் தலைமுறையில் எல்லோரும் அறிவார்கள். இன்று அதே வினாத்தாளுக்கு வேறொரு வேலையும் சேர்ந்திருக்கிறது: நகரத்துப் பெற்றோர் ஒரு பிரபல பாடசாலையிலிருந்து அதைவிடப் பிரபலமான பாடசாலைக்குப் பிள்ளையை மாற்றும் வாயில் அது. ஒவ்வோர் ஆண்டும் 3 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் தோற்றுகிறார்கள். அவர்களில் ஏறத்தாழ ஆறுக்கு ஐந்து பேர் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்கிறார்கள். அப்படி நிற்பதற்கு அவர்களுடைய கல்வியில் குறை இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. வெட்டுப்புள்ளி என்பது இருக்கும் இடங்களின் எண்ணிக்கையை வைத்துப் போடும் கோடு. ஒரு பிள்ளை எவ்வளவு கற்றால் போதும் என்ற அளவுகோலை வைத்து அதைப் போடுவதில்லை. அதனால்தான் அது மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் வேறுபடுகிறது.

இனி, எவ்வளவு சரியாக அளக்கிறது என்பது. கோபப்படாமல் எழுத முயல்கிறேன், ஆனால் எனக்கு இதில்தான் அதிக மனவருத்தம். செட்டியார் தெருவில் நகைக்கடைத் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். மின்விசிறிக் காற்றுக்கூட அதில் படக்கூடாது. மரக்கறிக் கடைத் தராசு வேறு. ஒரு கிலோ வெண்டிக்காயை நிறுக்க அது நல்ல தராசுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதில் ஒரு சங்கிலியை நிறுத்து இத்தனை மில்லிகிராம் என்று விலை பேசினால் தவறு தராசிலா, நிறுத்தவரிலா? எந்த வினாத்தாளுக்கும் அளவீட்டு வழு, அதாவது அளக்கும்போது தவிர்க்க முடியாமல் வரும் பிழை, உண்டு. அதைக் கணக்கிடும் முறை எளியது: புள்ளிகளின் நியம விலகலை (சராசரியைச் சுற்றிப் புள்ளிகள் எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு), ஒன்றிலிருந்து நம்பகக் குணகத்தை (மறுபடி அளந்தாலும் அதே விடை எவ்வளவுக்கு வரும் என்ற அளவு) கழித்து வருவதன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். ஓர் உதாரணக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், இவை எந்தப் பரீட்சையின் உண்மைத் தரவுகளும் அல்ல. 200 புள்ளிக்கான ஒரு தாளில் நியம விலகல் 30, நம்பகக் குணகம் 0.9 என்று வைத்துக்கொள்வோம். 0.9 என்பது மிக நல்ல தாள். அப்போதும் வழு ஏறத்தாழ 9.5 புள்ளி. அதாவது, உண்மையில் 145 புள்ளிக்குரிய பிள்ளை அதே தரத்திலான தாளை வெவ்வேறு நாட்களில் எழுதினால், மூன்றில் இரண்டு தடவை 136க்கும் 154க்கும் இடையில் எங்கேயாவது நிற்கும். மற்றத் தடவை அதற்கும் வெளியே போகும். நாம் அந்தப் பிள்ளையை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அளந்து, ஒரு புள்ளி குறைவு என்று திருப்பி அனுப்புகிறோம். 80க்கும் 160க்கும் இடையிலான வேறுபாடு உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 144க்கும் 145க்கும் இடையில் இருப்பதாக நாம் நம்பும் வேறுபாட்டை அந்தத் தாளால் காட்ட முடியாது. இந்த இரண்டும் எந்தக் கருத்துக்கும் இடமில்லாத வெறும் கணிதம்.

எதை அளக்கிறது என்ற கேள்விக்கு ஒரு சிறு சம்பவம். ஒரு தனியார் வெளியீட்டின் மாதிரி வினாத்தாளை வகுப்பில் செய்யக் கொடுத்திருந்தேன். உரல், உலக்கை, அம்மி, சுளகு என்று நான்கு படங்கள். பொருந்தாததைத் தெரிய வேண்டும். விடைப் பட்டியலில் சுளகு. இடிக்கவும் அரைக்கவும் உதவாதது அது ஒன்றுதான் என்பது தாளைத் தயாரித்தவரின் எண்ணம். கெட்டிக்காரச் சிறுமி ஒருத்தி அம்மிக்குக் கோடிட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். “மற்ற மூன்றும் அம்மம்மா வீட்டில்தான் இருக்கின்றன, டீச்சர். அம்மி மட்டும் எங்கள் வீட்டிலும் இருக்கிறது” என்றாள். வகைப்படுத்தத் தெரிந்திருக்கிறது, காரணம் சொல்லத் தெரிந்திருக்கிறது, அந்தக் காரணம் முறையானதாகவும் இருக்கிறது. தாளுக்கு அது பூச்சியம். மாடி வீட்டில் வளரும் கொழும்புப் பிள்ளைக்குச் சுளகு எப்படியோ, தோட்டத்து லய வீட்டில் வளரும் பிள்ளைக்கு மின்தூக்கி அப்படி. தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. ஒரு மொழியில் சிந்தித்து எழுதிய வினாவை மறு மொழிக்கு மாற்றும்போது வசனம் நீண்டுவிடுகிறது, பழக்கமில்லாத சொல் நுழைந்துவிடுகிறது. கணக்குத் தெரிந்த பிள்ளை வசனத்தில் விழுந்துவிடுகிறது. வினாவைத் தமிழிலேயே பிறந்தது போல ஆக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய வேலையைக் கண்டு நான் வியந்திருக்கிறேன். எல்லாத் தாளும் அவர்கள் கைக்குப் போவதில்லை.

மூன்றாவது, அளந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பது. புள்ளியில் தொங்கும் பாரம் கூடக் கூட, அந்தப் புள்ளி கற்றலைக் காட்டுவது குறைந்துகொண்டே போகிறது. பிள்ளைகள் பாடத்தை விட்டுத் தாளைப் படிக்கிறார்கள். பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்து மேலதிக வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாவற்றையும் பரீட்சைகள் திணைக்களம் ஆண்டுதோறும் தடைசெய்ய வேண்டியிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சை இது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, விடயம் உயர் நீதிமன்றம் வரை போய், பெறுபேறுகள் 2025 ஜனவரியில்தான் வந்தன. அத்தனை மாதமும் காத்திருந்தவர்கள் பிள்ளைகள். இது நம் நாட்டு நோய் மட்டும் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் பாடசாலைகளின் தலைவிதியே பரீட்சைப் புள்ளியில் தங்கியிருந்த ஆண்டுகளில், அட்லாண்டா நகரில் ஆசிரியர்களே மாணவர்களின் விடைகளை அழித்துத் திருத்தினார்கள். 2011இல் வந்த மாநில விசாரணை அறிக்கை 44 பாடசாலைகளையும் 178 கல்வியாளர்களையும் குறிப்பிட்டது.

உங்கள் அண்ணா சொன்னது பாதி சரி. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் மாகாணம் முழுவதற்கும் பொதுவான பரீட்சை உண்டு. தரம் 3இலும் தரம் 6இலும் பிள்ளைகள் வாசிப்பு, எழுத்து, கணிதம் மூன்றிலும் அதை எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் புள்ளியை வைத்து எந்தப் பிள்ளையும் வேறு பாடசாலைக்குப் போவதில்லை. எந்தப் பாடசாலையில் எது பலவீனம் என்று பார்க்கவும் பெற்றோருக்கு அறிவிக்கவும் அது பயன்படுகிறது. அதனால் அண்ணாவின் பிள்ளைகள் அதை எழுதியது அவருக்கு நினைவில்கூட நிற்கவில்லை போலும். பொதுப் பரீட்சை என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு காரியங்கள் நடக்கின்றன என்பதற்கு உங்கள் குடும்பமே சாட்சி.

தமிழ் வாசகர்களுக்கு எழுதும்போது ஒரு சொல்லைத் தாண்டிப் போக முடியாது. “தரப்படுத்தல்” என்றால் நம் வீடுகளில் இன்னும் மனம் கசக்கிறது. 1971 பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவத்துக்கு 400 புள்ளிக்குச் சிங்கள மொழிமூலத்துக்கு 229, தமிழ் மொழிமூலத்துக்கு 250 என்று வெட்டுப்புள்ளி வைத்தார்கள். அந்த 21 புள்ளி ஒரு தலைமுறையை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அதனால் யாழ்ப்பாணத்தாரும் கொழும்பாரும் இழந்தார்கள். பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு, அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்கும், கதவு திறந்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மை ஆகாது. இன்று அனுமதிகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் மன்னார், முல்லைத்தீவு, நுவரெலியா, பதுளை போன்ற 16 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளை, சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் தள்ளி நிற்கிறது என்று காட்டும் இசட் புள்ளியாக மாற்றுகிறார்கள். ஒரு பாடத்தில் சராசரி 35, நியம விலகல் 20 என்றால் 65 எடுத்தவருக்கு 1.5, இன்னொரு பாடத்தில் சராசரி 55, விலகல் 10 என்றால் 70 எடுத்தவருக்கும் அதே 1.5. நல்ல முறைதான். அதையும் 2011 உயர்தரப் பெறுபேற்றில் பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒன்றாகக் கலந்து கணக்கிட்டதால் 2012இல் உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. எல்லோரும் ஒரே நாளில் ஒரே தாளை எழுதினாலும், யாரை யாரோடு வைத்து ஒப்பிடுவது என்ற முடிவைப் பிறகு மனிதர்கள்தான் எடுக்கிறார்கள். அநீதி பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நுழைகிறது.

பரீட்சையின் மிகப் பெரிய பயனோ வெட்டுப்புள்ளிக்குச் சம்பந்தமே இல்லாதது. 403இலிருந்து 176ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 373 என்று எழுதுவார்கள். விடை 227. பிழை என்று ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போகலாம். சற்று நின்று பாருங்கள்: 3இலிருந்து 6 போகாது, அதனால் 6இலிருந்து 3ஐக் கழித்திருக்கிறது, 0இலிருந்து 7 போகாது, 7 என்று எழுதியிருக்கிறது, 4இலிருந்து 1 போக 3. ஒவ்வொரு நிரலிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. கவனக்குறைவு என்று இதைச் சொல்ல முடியாது. தனக்கென ஒரு விதியை உண்டாக்கி, அதைத் தவறாமல் பின்பற்றியிருக்கிறது. பத்துக் குச்சிக் கட்டு ஒன்றை அவிழ்த்துக் காட்டினால் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும் விடயம். யாரும் காட்டாவிட்டால் தரம் 8 வரை அந்தப் பிழை கூடவே வரும், வந்ததையும் கண்டிருக்கிறேன். முதன்முதலில் நுண்ணறிவுச் சோதனையை ஆக்கிய பிரான்சின் அல்பிரெட் பினேயும் 1905இல் இதற்காகத்தான் அதைச் செய்தார். எந்தப் பிள்ளைக்கு மேலதிக உதவி தேவை என்று கண்டுபிடிக்க. ஆசிரியரே வகுப்பில் பிள்ளையை மதிப்பிடும் பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று நமது பாடசாலைகளிலும் ஒரு முறை உண்டு. உரிய முறையில் செய்தால் அது இந்த வேலையைத்தான் செய்யும். நாற்பது பிள்ளைகளும் நிரப்ப வேண்டிய படிவங்களும் உள்ள ஆசிரியையால் அதை எவ்வளவு செய்ய முடியும் என்பதை அந்த வகுப்பில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஆகவே உங்கள் வீட்டுக்கு வருவோம். எனக்கு உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். மகள் பரீட்சைக்குத் தோற்றட்டும். அதனால் கெடுதல் இல்லை. படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிடப் புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்து எழுதுவது நீண்ட நாள் மனதில் நிற்கும் என்பது பல ஆய்வுகளில் நிலைபெற்ற விடயம். எனவே கடந்தகால வினாத்தாள்களை அவள் செய்வது பயனுள்ளது. வாரத்துக்கு ஒன்று போதும். புள்ளியைக் கூட்டுவதற்கு முன், பிழைத்தவற்றில் மூன்றை எடுத்து, “இதை எப்படி நினைத்தாய்?” என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும் வரை திருத்தாதீர்கள். அம்மி போல ஏதாவது வரும், 373 போலவும் வரும். முதலாவதற்குத் தாள் எதை எதிர்பார்க்கிறது என்று சொல்லிக்கொடுங்கள், இரண்டாவதற்குக் குச்சிக் கட்டை எடுங்கள்.

உறுதி இல்லாதவை இவை. வெட்டுப்புள்ளிக்கு அருகில் நிற்கும் பிள்ளைக்கு ரியூசன் சில புள்ளிகளைக் கூட்டலாம் என்று நினைக்கிறேன். என் வகுப்புகளில் அப்படி நடந்ததையும் நடக்காததையும் கண்டிருக்கிறேன். பிரபல பாடசாலைக்கு மாறிய பிள்ளைகள் மாறாதிருந்தால் இதே அளவு படித்திருப்பார்களா என்பதை என் அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஏனென்றால் அவர்கள் போகும்போதே நன்றாகப் படிக்கிறவர்கள், வீட்டில் கவனிப்பு உள்ளவர்கள். பாடசாலை மாறாமல் இருந்து உயர்தரத்தில் மிக நன்றாகச் செய்தவர்கள் என் மாணவர்களில் நிறையப் பேர். மகளின் இப்போதைய பாடசாலையில் தரம் 6இல் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா என்று போய் விசாரியுங்கள். இருந்தால் இந்தப் பரீட்சையில் உங்கள் குடும்பத்துக்கு உள்ள பங்கு நீங்கள் அஞ்சுவதைவிடச் சிறியது. இல்லாவிட்டால் புள்ளி உங்களுக்கு உண்மையாகவே வேண்டும். அப்போது வாரத்தில் ஒரு நாள், ஒரு நல்ல ஆசிரியரிடம் மட்டும் அனுப்புங்கள்.

வீணையை நிறுத்த வேண்டாம். வாரத்தில் அது எத்தனை மணி நேரம், இரண்டா? அந்த இரண்டு மணி நேரத்தில் இன்னொரு மாதிரி வினாத்தாள் செய்தால் கிடைக்கும் புள்ளி, மேலே சொன்ன அளவீட்டு வழுவுக்குள் காணாமல் போய்விடும். பரீட்சை நாளில் வாசலில் நிற்கும் கூட்டத்தை நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன்: சட்டையின் இடப்பக்கம் சுட்டெண் குத்திய பிள்ளை, ஒரு கையில் மைலோப் போத்தலும் மறு கையில் குறிப்புப் புத்தகமுமாகத் தாய், கடைசி நிமிடத்திலும் பெருக்கல் வாய்ப்பாடு. அன்று காலை உங்கள் மகளிடம் வாய்ப்பாடு கேட்காதீர்கள். இடைவேளையில் வெளியே வரும்போது எழுதி முடித்த தாளில் என்ன விடை எழுதினாய் என்றும் கேட்காதீர்கள். அடுத்த தாள் இன்னும் எழுத இருக்கிறது.